காகத்துக்கு வைத்த சோறு

2025 ஜனவரி 9, வியாழன்

கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி இடது தோள் போய்விட்டது. கர்க்லாண்டிலிருந்து வேலைக்குப் போக எடுக்கிற நேரத்தைவிட இந்தச் சுரண்டலுக்குத்தான் நேரம் கூட. கிரி இருந்தால் தானே சுரண்டிவிட்டு, "அத்தான், தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஆறுதலா வாங்க" என்பான்.

இன்றைக்கு இரண்டு ராக்கூன்கள் வந்தன. இரண்டும் உறைந்து கல்லு. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எங்கள் ஆய்வுகூடத்துக்குச் செத்த காட்டு மிருகங்கள் வரும். எதனால் செத்தன என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். இளக வைத்து, நிறுத்து, மேசையில் ஏற்றிக் கடைசியில் எல்லாவற்றையும் கழுவுகிறவன் நான். ரக்ஷனா என்கிற சென்னைப் பிள்ளை ராக்கூன்களின் சொறியைப் பற்றி ஆராய்கிறாள். வந்த இரண்டில் ஒன்றுக்கு முதுகில் ஒரு மயிர் இல்லை, தோல் மரப்பட்டை மாதிரி. "குளிர்லதான் செத்திருக்கும் அங்கிள், பாவம், கோட்டே இல்லாம" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் கமலா இன்னும் கீழ் அறைக் கதவைத் திறக்கவில்லை. ஒக்டோபரில் அந்த அறையில்தான் அவளுடைய தம்பி கிரி நித்திரையிலேயே போனான். நெஞ்சு. கலியாணம் கட்டாதவன். தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது கமலாதான். எங்களுக்கும் பிள்ளை இல்லை. ஆக, அவனுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் செய்ய அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஜனவரி 21, செவ்வாய்

கிரியின் மூன்றாம் மாசியம், மூன்றாம் மாதத் திதி. விடியவே எழும்பி முழுகிச் சமைத்தாள். பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், பால்கறி. படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு கறியெல்லாம் வைத்துப் பின்பக்கப் பலகைத் தளமான டெக்கில் கொண்டுபோய் வைத்தாள். காகம் தொட்டால்தான் செத்தவன் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம்.

என்ன குளிர்! சோறு கொஞ்ச நேரத்திலேயே விறைத்துவிட்டது. பின்னேரம் கூட்டமாகக் காகங்கள் மேலால் போயின, எங்கேயோ அடைவதற்கு. ஒன்றாவது இறங்கவேண்டுமே! கமலா கண்ணாடிக் கதவடியிலேயே நின்றாள்.

"அவனுக்கு என்னில கோவம்" என்றாள். "அண்டைக்கு ராவு நெஞ்சு எரியுது எண்டவன். நான் இஞ்சித் தண்ணி குடுத்துப் படுக்கச் சொன்னன்."

சாப்பிடவில்லை. அவளுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுகிறவள். சொன்னால் கேட்டால்தானே.

ஜனவரி 22

இன்றைக்கும் வைத்தாள். இன்றைக்கும் வரவில்லை.

ஜனவரி 23

வேலையால் வந்தபோது குசினி நிலத்தில் இருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், என்னைப் பார்த்துக் "கிரி வந்திட்டானா" என்று கேட்டாள். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடவில்லை. தோடம்பழச் சாற்றை வாயில் ஊற்றி ஊற்றி அவளைத் திருப்பி எடுப்பதற்குள் என் உயிர் போய் வந்தது.

கத்திவிட்டேன். "காகம் திங்கல்ல எண்டு நீயும் செத்துப் போ! ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில கொழுவிறன்!"

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேறென்ன.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் டெக்கில் இலை வெறுமையாகக் கிடந்தது. ஒரு பருக்கை இல்லை.

கமலா கையைக் கூப்பிக்கொண்டு அழுதாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சோறு போட்டும் சாப்பிட்டாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

நான் பனி தள்ள வெளியே போனேன். இலையைச் சுற்றி மெல்லிய பனியில் கால் தடம். நாலு விரல், நகம் குத்திய அடையாளம், சின்னதாக வட்டமாக. காகம் இல்லை. ராக்கூனும் இல்லை, ராக்கூனின் தடம் குழந்தைக் கை மாதிரி ஐந்து விரலோடு இருக்கும், எனக்குத் தெரியாததா? படி வழியாக வந்து, படி வழியாகவே டெக்குக்கு அடியில் போயிருக்கிறது.

உள்ளே பார்த்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை எடுத்து எல்லாத் தடத்தையும் கூட்டிவிட்டேன்.

பெப்ரவரி 1, சனி

இப்போது தினமும் வைக்கிறாள். மாதத்துக்கொரு தரம் என்பது போய்விட்டது. தினமும் இலை வெறுமையாகிறது, தினமும் அவள் சாப்பிடுகிறாள், தினமும் நான் முதல் ஆளாக வெளியே போய்க் கூட்டுகிறேன். "என்ன, புதுசா வீட்டு வேலையில இவ்வளவு ஆர்வம்?" என்று பகிடி பண்ணினாள். பகிடி! ஒக்டோபருக்குப் பிறகு முதல் தரம்.

இன்று மாலை மங்கலில் அதைக் கண்டுவிட்டேன். முகத்தில் ராக்கூன் மாதிரிக் கறுப்புப் பட்டை, கன்னத்தில் சடை. ஆனால் கால் நாய்க்கால். வாலில் வளையம் இல்லை. விலாப் பக்கம் மயிர் கொட்டித் தோல் தெரிந்தது. சோற்றைத் தின்றது, தின்னும்போதும் நடுங்கிக்கொண்டே நின்றது. போனில் ஒரு படம் எடுத்தேன்.

பெப்ரவரி 3

ரக்ஷனாவிடம் படத்தைக் காட்டினேன். ஒரு கூட்டாளி அனுப்பினது என்றேன்.

"அங்கிள்! இது ராக்கூனே இல்ல. ராக்கூன் நாய். இங்க இருக்கவே கூடாது!"

கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். கிழக்காசியாவில் உள்ள மிருகமாம். போன நூற்றாண்டில் தோலுக்காக ரஷ்யாவின் மேற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்களாம். அங்கிருந்து பின்லாந்து, போலந்து, ஜெர்மனி என்று அது பாட்டுக்குப் பரவிவிட்டது. தவளை, பழம், முட்டை, குப்பை, எது கிடைத்தாலும் தின்னும். விசர்நாய் வருத்தமும் சொறியும் நாடாப் புழுவும் காவித் திரியும். இங்கே யாரோ திருட்டுத்தனமாக வளர்த்துத் தப்பவிட்டிருக்க வேண்டும்.

"நாய்க் குடும்பத்துலயே குளிர்காலம் பூரா தூங்குறது இது ஒண்ணுதான். பெப்ரவரில முழிச்சிட்டுத் திரியுதுன்னா உடம்புல கொழுப்பே இல்லன்னு அர்த்தம். சொறி தின்னிருக்கு. எந்த இடம்னு கேட்டுச் சொல்லுங்க அங்கிள், ப்ளீஸ். நான் உடனே வனவிலங்கு அமைச்சகத்துக்குச் சொல்லணும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாலாம் மாசியம் இருபதாம் திகதி. அதுவரைக்கும் கமலா சாப்பிடட்டும். அதற்குப் பிறகு சொல்லலாம்.

பெப்ரவரி 6

இரவுச் சாப்பாட்டில் கமலா வேலையைப் பற்றிக் கேட்டாள். நெடுநாளாக அவள் அதையெல்லாம் கேட்பதில்லை. சந்தோசத்தில் அளந்துகொண்டே போனேன். தெற்கே அமெரிக்க எல்லைப் பக்கம் ராக்கூன்களுக்குத் திரும்பவும் விசர் வந்திருக்கிறது என்றேன். கடித்த மிருகத்துக்கு விசர் இருக்கா என்று பார்ப்பதென்றால் மூளையைத்தான் பார்க்கவேண்டும் என்றேன்.

"உயிரோட பாக்க ஏலாதா?"

"ஏலாது. கொன்று போட்டுத் தலைய எடுத்துத்தான் அனுப்புவாங்க."

அவள் கையிலிருந்த கவளத்தைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். சாப்பிடுகிற நேரத்தில் கதைக்கிற கதையா இது, மடையா.

பெப்ரவரி 10

கிளினிக்கில் கமலாவின் சீனி அளவு நல்லாக இருக்கிறதாம். டொக்டருக்கு வலு சந்தோசம். என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டாள்.

ரக்ஷனா இன்றைக்கும் கேட்டாள். கூட்டாளி ஊரில் இல்லை என்றேன். வாயைத் திறந்தால் பொய்தான் வருகிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

வியாழக்கிழமை ஒரு பனிப்புயல், இன்றைக்கு இன்னொன்று. டெக் எங்கே, முற்றம் எங்கே என்று தெரியவில்லை. முன்பக்கம் தள்ளித் தள்ளி இடுப்பு நாரி முறிந்துவிட்டது. பின்பக்கத்தை விடு, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். நான் குளித்துவிட்டு வரும்போது கமலா பின்பக்கம் நின்று சின்னச் சவளால் டெக்கின் அடிக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றாய்?"

"காகம் வந்து இறங்க இடம் வேணாமா?" என்றாள்.

டெக்குக்கு அடியிலா காகம் இறங்கும்? கேட்கவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

நாலாம் மாசியம். எல்லாம் நல்லபடி முடிந்தது. கமலாவின் வலது பெருவிரலில் துணிக்கட்டு. கேட்டதற்குப் பூசணிக்காய் வெட்டும்போது பட்டது என்றாள்.

நாளைக்கு ரக்ஷனாவிடம் சொல்லவேண்டும். இல்லை, திங்கள் சொல்கிறேன். சனி ஞாயிறையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கை ஓடவில்லை. எழுதினால்தான் ஆறும்.

பகல் கமலா சோபாவில் இருந்து முழங்கை மடிப்பையும் மணிக்கட்டையும் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளம். அந்த மாதிரிக் கொப்புளம் எனக்கே வந்திருக்கிறது, சொறி பிடித்த ராக்கூனைக் கையுறை இல்லாமல் தூக்கிய அன்றைக்கு. மனிசர் உடம்பில் அது நிலைக்காது, தானாக மாறிவிடும், ஆனால் மிருகத்தைத் தொடாமல் வராது.

"கமலா, நீ அதத் தொட்டயா?"

"எத?"

"எதயெண்டு உனக்குத் தெரியும்."

சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடினாள். பிறகு சொன்னாள்: "இருட்டினாப் பொறகு எந்தக் காகம் வந்து திங்கும்? எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க விடிய எழும்பிக் கூட்டுற சத்தம் கேக்கிறதுதானே. நான் நம்பினா நீங்க நிம்மதியா இரிப்பீங்க எண்டு விட்டுட்டன்."

நான் என்னவோ அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்!

"காகமோ நாயோ, பசியில வந்தது. கிரியும் வேலையால பசியோடதானே வருவான். எவ்வளவு நாள் மூடி வச்ச சோத்தத் திண்டிட்டுப் படுத்திரிக்கான்."

"விரலக் காட்டு."

காட்டமாட்டேன் என்றாள். நான் கட்டை அவிழ்த்தேன். பூசணிக்காய் வெட்டின கத்திக்குப் பல் இருக்குமா? இரண்டு ஓட்டை, பக்கத்தில் பக்கத்தில். புயல் அடித்த அன்று கையாலேயே சோறு கொடுத்திருக்கிறாள்.

"ஒரு கிழமை! ஒரு கிழமையா இத வச்சுக்கொண்டு இரிக்கயா? விசர் வந்தா மருந்தில்ல எண்டு உனக்குத் தெரியாதா? மட்டக்களப்பில நாய் கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடுற நீ—"

"சொன்னா அதின்ட தலைய வெட்டுவாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க!" கத்தினாள். "என்ட கையால சோறு திண்டது. அதக் கொல்லக் குடுத்திட்டு நான் என்னெண்டு சாப்பிடுற?"

811 என்கிற சுகாதார உதவி எண்ணுக்கு அடித்தேன். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். காரில் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பனியில் முழங்காலில் இருந்து கும்பிட்டேன். வெட்கமென்ன. "கிரி போயிட்டான். நீயும் போனா நான் ஆரோட இரிக்கிற?" என்றேன். அதற்குப் பிறகுதான் ஏறினாள்.

காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி. இன்னும் மூன்று தரம் போகவேண்டும். பிந்தவில்லை என்று நேர்ஸ் சொன்னாள். அதை மூன்று தரம் கேட்டேன்.

பெப்ரவரி 24

ரக்ஷனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா, கடிக்கறதுக்கு முன்னாடி உயிரோட பிடிச்சிருக்கலாம் அங்கிள். சொறிக்கு மருந்து இருக்கு. வடக்க ஒரு காப்பகம் எடுத்துக்கும். இப்ப கடிச்சிருச்சே. இப்ப வேற வழி இல்ல."

அவள் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

பெப்ரவரி 25

அமைச்சிலிருந்து ஒரு அதிகாரி பொறிக் கூடு கொண்டுவந்தார். நல்ல மனிசன், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சியென் விவெரன் என்று அதற்குப் பிரெஞ்சுப் பெயர் சொன்னார். கூட்டுக்குள் என்ன வைக்கலாம் என்று கேட்டார். எது வழக்கமாகத் தின்கிறதோ அதை வைத்தால் நல்லது என்றார்.

நான் கமலாவைப் பார்க்கவில்லை. அவளே சோறும் பருப்பும் பிசைந்து கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பொழுதுபடுவதற்குள் கூட்டின் கதவு விழுந்து அது அகப்பட்டுவிட்டது.

பெப்ரவரி 26

எங்கள் மேசைக்குத்தான் வந்தது. "நீங்க வெளிய இருங்க அங்கிள், நான் பாத்துக்கறேன்" என்றாள் ரக்ஷனா. நின்றேன். நிற்காமல் வேறு என்ன செய்வது?

நாலு கிலோ கூட இல்லை. கொழுத்து உறங்கவேண்டிய காலத்தில் எலும்பும் தோலும். வயிற்றில் சோறு. பெண். கருப்பையில் பழைய தழும்பு இருந்தது. போன வசந்தத்தில் குட்டி போட்டிருக்கிறது.

"அப்ப இது தனிய இல்ல" என்றேன்.

"இதுங்க ஜோடியாத்தான் வாழும். குட்டி போட்டா ஆண்தான் கூடவே உட்கார்ந்து பாத்துக்கும். எங்கயோ இருக்கு அங்கிள், இல்ல செத்திருக்கும்."

மேசையைக் கழுவினேன். மற்ற நாளைவிட நெடுநேரம் கழுவினேன்.

பெப்ரவரி 28

விசர் இல்லை. சொறி மட்டும்தான்.

கமலாவிடம் சொன்னேன். ஊசிக்குப் போய்வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். "அப்ப அது சும்மா செத்திருக்கு" என்றாள்.

மார்ச் 8

எனக்குச் சமைத்து மூடி வைக்கிறாள். தான் பிஸ்கற்றும் தேத்தண்ணியும். என்னோடு கதை இல்லை. "சாப்பிடு" என்றால் "பேந்து பாப்பம்" என்கிறாள். அந்தப் பேந்து வருவதில்லை. சீனி திரும்பவும் ஏறி இறங்குகிறது.

மார்ச் 22, சனி

ஐந்தாம் மாசியம். சமைத்தாள், படத்துக்கு முன்னால் படைத்தாள். வெளியே ஒன்றும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே பெட்டிகளில் போட்டுப் பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் ஒருவனாக மேசையில் இருந்தேன். எனக்கும் இறங்கவில்லை.

அதுக்கு விசர் இருந்திருந்தால்கூட அவளுக்குச் சொல்ல ஒரு நியாயம் இருந்திருக்கும். என்ன மனிசன் நான், இப்படியெல்லாம் நினைக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

பின்பக்கத்துப் பனி பாதி உருகிச் சேறு. மாலை ஐந்து மணி போல, கமலா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். நேராக என்னைப் பார்த்து. "இஞ்ச வாங்க."

டெக்குப் படியடியில் ஒன்று நின்றது. அதே முகம், அதே கறுப்புப் பட்டை. இது கொஞ்சம் பெரிது. வாலடியில் மட்டும் மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. டெக்கின் அடிக்குள் தலையை விடுவதும் எடுப்பதும், சுற்றி வந்து மணப்பதும், திரும்பத் தலையை விடுவதுமாக நின்றது. மெல்லிய குரலில் என்னவோ முனகிற்று. சோறு தேடவில்லை. இலை வைத்த பக்கம் அது போகவே இல்லை.

ஜோடியைப் பற்றி ரக்ஷனா சொன்னதைக் கமலாவிடம் நான் சொன்னதில்லை. சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அதத் தேடுது" என்றாள்.

"ஓம்."

"சொறி இப்பதான் தொடங்கியிரிக்கு என்ன?"

"ஓம். மருந்து குடுத்தா மாறும். ஆரையும் கடிக்கல்லயெண்டா கொல்லமாட்டாங்க."

பானையில் சுடச்சுடச் சோறு இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போகப்போகிறது என்று நினைத்தேன். போனால் நான் தடுத்திருப்பேனா? தெரியவில்லை. அவள் போனை எடுத்தாள். அதிகாரி விட்டுப்போன அட்டை பிரிட்ஜ் கதவில் இருந்தது. நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கமலாவுக்குப் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்ஸி அவ்வளவுதான், இங்கிலிசும் அரைகுறை. "நான் கதைக்கட்டா?" என்று கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"பொன்ஜூர். கர்க்லாண்ட். சேம் அனிமல், மெஸ்யூ. அனதர் வன். நோ டச். நோ பைட். ஐ டோன்ற் கிவ் ஃபூட்." கொஞ்சம் நிறுத்தினாள். "ப்ளீஸ், யூ கம் குயிக். திஸ் வன் கேன் லிவ்."

அரை மணியில் வருவதாகச் சொன்னாராம். அது படியடியிலேயே படுத்துவிட்டது. எங்கும் போகிற நோக்கம் இல்லை.

கமலா இரண்டு கோப்பை எடுத்தாள். இரண்டிலும் சோறு போட்டாள், பருப்பு விட்டாள், மீன் குழம்பு விட்டாள். யன்னல் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே எதுவும் வந்து தின்னவில்லை, படத்துக்கு முன்னால் ஒன்றும் படைக்கவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"குழம்புக்கு உப்புக் காணாது" என்றாள். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல நீங்க?"

உண்மைதான், காணாது. எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து கொடுத்தேன்.